உணவு சுமப்பவரும் விபத்துச் சட்டமும்

பொழுது புலர்வதற்கு முன்னரே தாராவி விழித்துக்கொள்கிறது. குறுகிய சந்துகளில் இட்டலி வேகும் மணம் பரவுகிறது. அலுமினியப் பாத்திரத்தில் இட்டலியும், வாளிகளில் சாம்பாரும் சட்னியுமாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர்ப் பந்து பொருத்திய ஊதுகுழலை அமுக்கியவண்ணம் நம்மவர் பலர் மும்பை மாநகரின் பல பக்கங்களுக்கும் புறப்படுகின்றனர். மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் அவ்வொலி நெடுநாள் பழகிய ஒலி.

இரவு எட்டு மணிக்கு அதே சந்துகளிலிருந்து வேறொரு கூட்டம் புறப்படுகிறது. முதுகில் சதுரப் பை. வண்டியின் முகப்பில் செல்பேசி. தொண்ணூறடிச் சாலையிலும், சயான்-பாந்திரா இணைப்புச் சாலையிலும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே அவர்கள் மோட்டார் சைக்கிளில் விரைகின்றனர். பெரியவர் தாம் சமைத்த உணவைத் தாமே விற்றார். இளைஞர் பிறர் சமைத்ததைப் பிறருக்குக் கொண்டுசேர்க்கிறார். இருவரும் சாலையை நம்பிப் பிழைப்பவர்கள்.

அச்சாலையில் ஒரு நாள் விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? மருத்துவச் செலவை யார் ஏற்பது? உயிருக்கே ஆபத்து வந்தால், ஊரில் இருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் நஷ்ட ஈடு தரவேண்டியவர் யார்? எளிய கேள்விகளாகத் தோன்றும் இவற்றுக்கு விடை காண, சட்டம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே உணவு சுமந்து சென்ற ஒரு வேலைக்காரனை நாம் சந்திக்கிறோம் என்பது வியப்புக்குரியது.

1835-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் பிரீஸ்ட்லி என்பவன் ஓர் இறைச்சிக்கடைக்காரரிடம் வேலை பார்த்துவந்தான். எஜமானரின் ஆணைப்படி இறைச்சி ஏற்றிய வண்டியில் சென்றான். வண்டியில் அளவுக்கு மீறிய பாரம். வழியில் வண்டி முறிந்து, அவனுடைய தொடையெலும்பும் முறிந்தது. எஜமானர்மீது வழக்குத் தொடுத்தான். ஜூரிகள் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் 1837-இல் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. எஜமானரைப் பொறுப்பாளியாக்கினால் அப்பொறுப்புக்கு எல்லையே இராது என்றும், வண்டியின் நிலையை வேலைக்காரனும் அறிந்திருக்கக் கூடும், அஞ்சினால் அவன் வேலையை மறுத்திருக்கலாம் என்றும் நீதிபதிகள் கருதினர். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவன் வேலையை மறுக்க முடியுமா என்ற கேள்வி அவர்கள் கருத்தில் இடம்பெறவில்லை. இவ்வழக்கிலிருந்து வளர்ந்த கோட்பாடு, உடன் வேலை செய்பவரின் தவறால் ஒரு தொழிலாளிக்குக் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பில்லை என்று நெடுங்காலம் கூறிவந்தது. நம் நாட்டில் 1938-ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் அக்கோட்பாட்டை வெட்டத் தொடங்கியது. இங்கிலாந்தில் அது 1948-இல் ஒழிந்தது.

இந்தியாவில் முதல் படி 1855-இல் வைக்கப்பட்டது. பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய 1853-க்கு இரண்டாண்டுகளுக்குப் பின், உயிர்ச்சேத விபத்துச் சட்டம் வந்தது. ஒருவருடைய குற்றத்தால் மற்றொருவர் இறந்தால், இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக நஷ்ட ஈடு கோரலாம் என்று அது கூறியது. அதற்குமுன் காயமுற்றவர் உயிரோடிருந்தால் வழக்கிடலாம். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு வழியில்லை என்ற விந்தையான நிலை இருந்தது. எனினும் சிவில் கோர்ட்டுக்குக் கட்டணம் கட்டி, எதிரியின் அஜாக்கிரதையை நிரூபித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஏழைக்கு ஏது வசதி?

1923-இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பம்பாயின் ஆலைத் தொழிலாளருக்கு அது பெரும் பேறு. முதலாளி தவறு செய்தாரா என்று கேளாமல், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்ததா என்று மட்டுமே அச்சட்டம் கேட்டது. ஆனால் அது ஒரு வாசலில் காவலாளியையும் நிறுத்தியது: நஷ்ட ஈடு கேட்பவர் சட்டம் சொல்லும் தொழிலாளியாக இருக்க வேண்டும். தாமே முதலாளியும் தாமே கூலியுமான இட்டலிக்காரருக்கு அவ்வாசல் திறக்கவில்லை. இந்தக் காவலாளியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் காலத்து இளைஞர் முன்னும் அவரே நிற்கப்போகிறார்.

இதற்கிடையே மோட்டார் வாகனங்கள் பெருகின. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்ஷூரன்ஸ் பற்றிய கட்டாயம் இல்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதி 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வாகனத்தை வீதிக்குக் கொண்டுவருபவர், அதனால் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்காக இன்ஷூரன்ஸ் செய்தே தீரவேண்டும் என்பது விதி. பாலிசி கொடுக்கும் கம்பெனி முதல் நபர், வாங்கும் வாகன உரிமையாளர் இரண்டாம் நபர், வீதியில் நடக்கும் அயலார் மூன்றாம் நபர். மூன்றாம் நபரைக் காப்பதே இந்த இன்ஷூரன்ஸின் நோக்கம். 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், விபத்து நஷ்ட ஈட்டைத் தீர்மானிக்கத் தனி டிரிப்யூனல்கள் ஏற்பட்டன. ஏழை மக்களின் சுமை ஓரளவு குறைந்தது.

ஆயினும் ஓட்டியவரின் தவறை நிரூபிக்கவேண்டிய கட்டாயம் நீங்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், அஜாக்கிரதை இல்லையேல் உரிமையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. 1982-இல் பாராளுமன்றம் புதிய விதி செய்தது. தவறு யாருடையது என்று பாராமலே, மரணத்துக்கு 15,000 ரூபாயும், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது அவ்விதி. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இத்தொகைகளை 25,000 என்றும் 12,000 என்றும் உயர்த்தியது. 1994-இல் அவை 50,000 என்றும் 25,000 என்றும் ஆயின. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், தவறு நிரூபிக்காமலே மரணத்துக்கு 5,00,000 ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாயும் கோரலாம். இதைவிட அதிகம் வேண்டுவோர் தவறை நிரூபித்து, வயது, வருமானம், குடும்ப நிலை ஆகியவற்றின் கணக்குப்படி பெறலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற்போனால், அரசாங்கத் திட்டத்திலிருந்து மரணத்துக்கு 2,00,000 ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டவுடன் மனம் சற்று ஆறுதல் அடையும். ஆனால் இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் காக்க முனைந்தது வீதியில் இருக்கும் அயலாரை. வண்டியை ஓட்டிப் பிழைப்பவரை அது இரண்டாவதாகவே எண்ணியது.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். சைக்கிளில் செல்லும் இட்டலிக்காரர் மீது கார் மோதுகிறது. அவர் மூன்றாம் நபர். கார்க் கம்பெனியின் பாலிசியை அவர் பார்த்ததே இல்லை. எனினும் அது அவருக்குப் பயன்படும். டெலிவரி இளைஞரின் மோட்டார் சைக்கிள் மீது லாரி மோதினாலும் அப்படியே. லாரியைப் பொறுத்தவரை அவரும் மூன்றாம் நபர்தான். ஆனால் மழைக்காலத்தில் அவருடைய வண்டி தானே சறுக்கி விழுந்தால்? வேறு வண்டி எதுவும் இல்லை. சொந்த வண்டியின் பாலிசியில் அவர் மூன்றாம் நபர் அல்லர், உரிமையாளர். கட்டாய இன்ஷூரன்ஸ் உரிமையாளரின் சொந்தக் காயத்துக்கு உரியதன்று என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவாக்கியது. மைத்துனரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்று 2009-இல் அந்த நீதிமன்றமே கூறியுள்ளது.

இந்தக் குறையை ஓரளவு நிரப்புவது உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. இருசக்கர வண்டிக்கு 1,00,000 ரூபாயாக இருந்த இக்காப்பு, 2018-இல் 15,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் இது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளருக்கே உரியது. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் வாங்கிய வண்டியைத் தம்பி ஓட்டினால் தம்பிக்கு இக்காப்பு இல்லை. இன்னொன்று: 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கின்றனர். தனிநபர் காப்போ ஓராண்டுக்கு மட்டும் எடுத்திருக்கலாம். ‘ஐந்து வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று நம்பி இருப்பவர், தம் உயிருக்கான காப்பு முடிந்துபோனதை அறியாமல் இருக்கக் கூடும்.

டெலிவரி இளைஞர் வேறொருவர் மீது மோதிவிட்டால் என்ன ஆகும்? மூன்றாம் நபர் பாலிசியே முன்வர வேண்டும். ஆனால் சொந்த உபயோகத்துக்கென எழுதிய பாலிசியில், கூலிக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் சாதாரணமாக விலக்கப்பட்டிருக்கும். அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனி வாதாட இடமுண்டு. இத்தகைய தகராறுகளில், காயமுற்றவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவிட்டுள்ளன. அயலாருக்கு அது நன்மை. ஆனால் வசூல் வந்து நிற்பது நம் இளைஞரின் வீட்டு வாசலில். ஆகவே உணவு டெலிவரிக்கு வண்டியை உபயோகிப்பவர், அந்த உபயோகம் பாலிசியில் அடங்குமா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலமே விடை பெறுதல் நலம்.

இனி அந்தக் காவலாளியிடம் திரும்புவோம். செயலி நடத்தும் நிறுவனங்கள் இவ்விளைஞரைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, ‘பங்குதாரர்’ என்கின்றன. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, வரும் நேரமும் போகும் நேரமும் அவர் விருப்பம் என்பது அவற்றின் வாதம். இந்த வாதம் முற்றிலும் புதியதன்று. குஜராத்தின் உப்பளத் தொழிலாளர் துண்டுக்கூலிக்கு வேலை செய்தபோதிலும் தொழிலாளரே என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது. விரும்பிய நேரத்தில் வந்து, சில துணிகளை வீட்டுக்கும் எடுத்துச் சென்று தைத்த தையற்காரரும் கடையின் ஊழியரே என்று 1973-இல் கூறியது. இந்நாளில் கட்டளை இடுபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த ஆணை யாருக்கு, எத்தனை நிமிஷம், எவ்வளவு கூலி என்பதைச் செல்பேசியே சொல்கிறது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021-இல் வாடகைக் கார் ஓட்டுநர்களைப் பணியாளர் என ஏற்றது. 2023-இலோ, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை உள்ள உணவு டெலிவரியாளரைச் சங்க உரிமை விஷயத்தில் அவ்வாறு ஏற்க மறுத்தது. நம் நாட்டிலும் செயலி வழித் தொழிலாளரின் சங்கம் 2021-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

பாராளுமன்றம் 2020-இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடுகளும் இத்தொகுப்பில் அடங்கின. செயலி வழி வேலை செய்வோரை முதன்முதலாகப் பெயர் சொல்லி ஏற்றதும் இதுவே. நிறுவனங்கள் தம் ஆண்டு வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தரவேண்டும்; அத்தொகை தொழிலாளருக்குக் கொடுப்பதில் நூற்றுக்கு ஐந்தை மிஞ்சக் கூடாது. விபத்துக் காப்பு, மருத்துவ உதவி போன்றவற்றுக்கு அரசாங்கம் திட்டங்கள் வகுக்கலாம். ராஜஸ்தான் 2023-இலும், கர்நாடகம் 2025-இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. இவை வரவேற்கத் தக்கவை. எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. ஊழியருக்கு விபத்து நஷ்ட ஈடு உரிமை. அதை முதலாளி கொடுத்தே தீரவேண்டும். செயலித் தொழிலாளருக்குக் கிடைப்பது வகுக்கப்படும் திட்டத்தின் அளவே. அவரை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே சட்டம் இன்னமும் வருணிக்கிறது. 1923-இல் நின்ற காவலாளி சற்று விலகி நிற்கிறார், வாசலைவிட்டுப் போகவில்லை.

நிறுவனங்கள் தம் டெலிவரியாளருக்காக எடுத்துள்ள குழு விபத்துப் பாலிசிகளும் உண்டு. அவை ஒப்பந்தத்தின் வழி வருபவை. ஆணை கையில் இருக்கும்போது மட்டுமா, செயலியில் இணைந்திருக்கும் நேரம் முழுவதுமா, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலுமா என்பதை அந்தந்தப் பாலிசியின் விதியே முடிவு செய்யும். விபத்துக்கு முன்னரே அதைப் படித்து வைப்பது அவசியம். படுக்கையில் கிடக்கும்போது படிப்பதில் பயன் குறைவு.

ஊர்விட்டு வந்த நமக்கு மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பழைய சட்டத்தின்படி விபத்து நடந்த இடத்து டிரிப்யூனலையே நாட வேண்டியிருந்தது. செம்பூரில் மகன் இறந்தால், திருநெல்வேலியில் உள்ள தாய் வழக்குக்காகப் பம்பாய்க்கு வந்து வந்து போகவேண்டும். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கொடுமையை நீக்கியது. விபத்து நடந்த இடத்திலோ, நஷ்ட ஈடு கோருபவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிரி வசிக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். வேலைக்காக வெளியூர் சென்ற ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், இவ்விதியைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கருதியது. ஆகவே தாய் தன் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

காலக்கெடுவும் நினைவில் நிற்க வேண்டும். 1956-இல் 60 நாள் என்றிருந்தது. 1969-இல் ஆறு மாதம் ஆயிற்று. 1994-இல் எல்லையே நீங்கியது. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாத எல்லை மீண்டும் வந்துள்ளது. அவ்வெல்லை செல்லுமா என்ற விவாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்திருக்கிறது. விவாதம் எப்படி முடியினும், ஆறு மாதத்துக்குள் மனுச் செய்பவருக்குக் கவலை இல்லை. விபத்து நேர்ந்தவுடன் போலீஸில் பதிவு செய்வதே முதற் காரியம். போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை டிரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு விதி. 2025 மே மாதத் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவர் ஏழு நாள் வரை, 1,50,000 ரூபாய் அளவுக்கு, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். பள்ளத்தில் விழுந்தவருக்கும் வழி பிறந்திருக்கிறது. சாலைக் குழிகளாலும் திறந்த சாக்கடை வாய்களாலும் நேரும் மரணத்துக்கு 6,00,000 ரூபாயும், காயத்துக்கு 50,000 முதல் 2,50,000 ரூபாய் வரையும் சாலையின் பொறுப்பாளர் கொடுக்க வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சொந்த வண்டியில் தனியே சறுக்கி விழுந்தவருக்கு மோட்டார்ச் சட்டம் தராத ஆறுதலை இத்தீர்ப்பு ஓரளவு தருகிறது. குழியின் படம், இடம், நேரம் ஆகியவற்றை உடன் வந்தவர் குறித்து வைத்தல் நல்லது.

வண்டியின் பதிவுப் புத்தகம், லைசென்ஸ், இரு பாலிசிகளின் நகல், அன்று கையிலிருந்த ஆணையின் பதிவு, மாத வருமானத்தைக் காட்டும் கணக்கு ஆகிய இவற்றின் பிரதிகளை ஊரிலுள்ள வீட்டாரிடமும் கொடுத்து வைப்போமாக. வருமானக் கணக்கு இல்லாததால் உழைப்பவரின் உயிர் குறைந்த விலைக்கு மதிக்கப்படும் வழக்குகள் பல. தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் திருவிழாவுக்குக் கூடும் நாளில், ஒரு மணி நேரத்தை இதற்கெனச் செலவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் பயனடையும்.

பிரீஸ்ட்லியின் வண்டியில் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியது எஜமானரின் வேலை. இன்றைய இளைஞரின் வண்டியில் ஏறும் பாரம் நிமிஷக் கணக்கு. அப்பாரத்தை ஏற்றியவர் விபத்துக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் நீதிபதிகள் 1837-இல் சொன்ன விடையை மாற்ற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நம்மவர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்புவோம். அதுவரை, இருக்கும் உரிமைகளை அறிந்து, தவறாமல் கேட்டுப் பெறுவோமாக.